கரண்ட் போனால் கேட்கும் பாட்டு

திருத்தணியில், மலைக்கோயில் கோபுரம் தெரிகிற ஒரு தெருவில் யாரும் யாரிடமும் மெதுவாகப் பேசவே மாட்டார்கள். சண்டைக்காரத் தெரு என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே வீட்டுக்கு வீடு விசைத்தறி. காலையிலிருந்து இருட்டும்வரை டக்கு டக்கு டகடக என்று ஒரே சத்தம். "சாப்ட்டியா?" என்று கேட்பதற்குக்கூடத் தொண்டை கிழியக் கத்த வேண்டும். அதனால் பாதிப் பேர் கையாலேயே பேசிக்கொள்வார்கள். வயிற்றைத் தட்டிக் காட்டினால் பசிக்கிறது. தலையில் அடித்துக்கொண்டால் நூல் அறுந்துவிட்டது. அவ்வளவுதான்.

அந்தத் தெருவில்தான் காஞ்சனா இருந்தாள். 1974ஆம் வருடம் அவளுக்குப் பதினொரு வயது. அவளுடைய நைனா நாகேந்திரன் நாலு தறி போட்டு லுங்கி நெய்துகொண்டிருந்தார். அந்தப் பக்கத்தில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவார்கள்.

பள்ளிக்கூடம் விட்டதும் காஞ்சனா பையை ஒரு மூலையில் போட்டுவிட்டுத் தறிக் கொட்டகையில் உட்கார்ந்து தார் சுற்றுவாள். தறியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுகிற நாடாவுக்குள் சின்னக் குச்சி ஒன்றில் நூலைச் சுற்றி வைப்பார்கள். அதுதான் தார். அவளோடு சேர்ந்து இரண்டு தோழிகளும் சுற்றுவார்கள்.

ஒருத்தி வள்ளிநாயகி. ஒல்லியான உடம்பு, ஊசி மாதிரி குரல். இன்னொருத்தி கன்னியம்மாள். அவள் குரல் கிணற்றுக்கு அடியிலிருந்து வருவதுபோல இருக்கும். வகுப்பில் அவள் "உள்ளேன் ஐயா" என்றால், பின்னால் பெரியவர் யாராவது வந்து நிற்கிறாரா என்று சார் எட்டிப் பார்ப்பார். பிள்ளைகள் சிரிப்பார்கள். அதிலிருந்து கன்னியம்மாள் வகுப்பில் கையை மட்டும் தூக்குவாள், வாயைத் திறப்பதில்லை.

தறிக் கொட்டகையில் மட்டும் அவளுக்கு வெட்கமே கிடையாது. அங்கேதான் யாருக்கும் எதுவும் கேட்காதே.

அதனால் மூவரும் அங்கே பாடினார்கள். ஒருத்தி பாடுவது இன்னொருத்திக்குக் கேட்காது. வாயைப் பார்த்து வரியைத் தெரிந்துகொள்வார்கள். தாளத்துக்குத் தறி இருந்தது. தரை அதிர்வது பாதத்தில் தெரியும். அப்படியே பாடிக்கொண்டு தார் சுற்றினால் நேரம் போவதே தெரியாது.

பாட்டு காஞ்சனா கட்டியது. ஒரு நாள் வாசலில் மூங்கில் கழிகளின்மேல் சாய நூல் காய்ந்துகொண்டிருந்தது. மலைமேல் ஒரு கறுத்த மேகம் வந்து நின்றது. மழை வந்தால் நூல் வீணாகிவிடும். காஞ்சனா மேகத்தைப் பார்த்துக் கெஞ்சினாள். கெஞ்சியது பாட்டாக வந்துவிட்டது.

*மலையேறும் மேகமே, மெள்ளமாப் போ*
*மழையை நீ கொட்டாம தள்ளியே போ*
*சாயநூலு காயுதே, மூங்கில்மேல காயுதே*
*காஞ்சதும் கூப்பிடுறோம், அப்புறம் வா*

ஆனி மாதத்தில் ஒரு சாயங்காலம். மூன்று பேரும் இரண்டாவது வரியில் இருந்தார்கள். அப்போது சட்டென்று கரண்ட் போய்விட்டது.

நாலு தறியும் நின்றன. பக்கத்து வீட்டுத் தறி நின்றது. தெரு முழுக்க நின்றது. அப்படி ஓர் அமைதி அந்தத் தெருவுக்கு வந்தால், தூங்குகிற குழந்தைகூட விழித்துக்கொள்ளும். பஞ்சுத் தூசி மட்டும் வெயிலில் மிதந்துகொண்டிருந்தது. அதற்கு நடுவில் மூன்று குரல்கள் தனியாகக் கேட்டன.

வள்ளியின் குரல் மேலே போய்க்கொண்டிருந்தது. கன்னியம்மாளின் குரல் கீழே நடந்து வந்தது. காஞ்சனாவின் குரல் இரண்டுக்கும் நடுவில் இருந்தது. மூன்றும் வேறு வேறு இடம். இத்தனை நாள் ஒருத்தி பாடுவது மற்றவளுக்குக் கேட்காததால், அவரவர் தொண்டைக்கு எது சுகமோ அந்த இடத்திலேயே பாடிப் பழகிவிட்டார்கள். அது அவர்களுக்கே தெரியாது.

கரண்ட் போன பிறகும் தறியின் சக்கரம் கொஞ்ச நேரம் சுற்றும். அதுபோல மூன்று குரலும் நிற்காமல் கடைசி வரிவரை போய்த்தான் நின்றன. காஞ்சனாவுக்குக் கையெல்லாம் சிலிர்த்தது. அது தங்கள் பாட்டுதானா என்றே அவளுக்குச் சந்தேகம் வந்தது.

எதிர் டீக்கடைப் பச்சையப்பன் பாய்லரை விட்டுவிட்டு வாசலுக்கே வந்துவிட்டார்.

"யாரு பாடினது? ரேடியோவா?" என்று கேட்டார்.

"கரண்ட் இல்லாத நேரத்துல ரேடியோ எப்டிங்க பாடும்?" என்றாள் வள்ளி.

"அதானே" என்று தலையைச் சொறிந்தார் பச்சையப்பன். "மொதல்லேர்ந்து ஒரு தபா பாடுங்க."

மூன்று பேரும் முதலிலிருந்து பாடினார்கள். அய்யோ பாவம். வள்ளியின் குரல் கேட்டதும் காஞ்சனா மேலே தாவினாள். காஞ்சனாவைப் பார்த்து வள்ளி கீழே இறங்கினாள். கன்னியம்மாள் யார் பின்னால் போவது என்று தெரியாமல் இருமினாள். பாட்டு இடியாப்பமாகிவிட்டது.

"வேணாம், கரண்ட் வந்தப்புறம் பாடுங்க" என்று சொல்லிவிட்டுப் பச்சையப்பன் பாய்லருக்குப் போய்விட்டார்.

ஆனால் அதற்குப் பிறகு அந்தத் தெருவில் ஒரு வேடிக்கை நடந்தது. அந்தக் காலத்தில் கரண்ட் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. போனால் எல்லாரும் திட்டுவார்கள். அந்தத் தெருவில் மட்டும் திட்டுவதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார்கள். சத்தத்துக்குள் தொடங்கிய பாட்டின் வாலை மட்டும் கேட்பார்கள். சில நாள் இரண்டு வரி கிடைக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் மூன்று வரி. மலைக்குப் போகிறவர்கள்கூட நின்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

"இந்தப் பாட்டுக்குத் தலையே கிடையாதா? நான் வால்தான் கேட்டுகினு இருக்கேன்" என்று குறைப்பட்டுக்கொண்டார் பச்சையப்பன். அந்தப் பெண்களுக்கு 'கரண்ட் கட் பொண்ணுங்க' என்று பேர் வைத்ததும் அவர்தான்.

பேச்சு நெசவாளர் சங்கத்துச் செயலாளர் கோதண்டபாணிவரை போயிற்று. ஆடிக் கிருத்திகைக்கு மலையடிவாரத்தில் சங்கம் ஒரு பந்தல் போடும். காவடி எடுத்து வருகிறவர்களுக்கு அங்கே நீர்மோர் கொடுப்பார்கள். பக்கத்தில் ஒரு பலகை மேடையில் பாட்டுக் கச்சேரி நடக்கும்.

கோதண்டபாணி ஒரு நாள் கொட்டகைக்கே வந்து, "மேடையில ஒரு பாட்டு பாடறீங்களா?" என்று கத்தினார்.

மூன்று பேரும் தலையை ஆட்டிய வேகத்தில் மூன்று தார் குச்சிகள் உருண்டு ஓடின.

அன்று ராத்திரி சாப்பிடும்போது காஞ்சனாவின் கண் வேறெங்கோ இருந்தது. மலை, மேகம், காவடி, பலகை மேடை. அதன்மேல் மூன்று பேர். சோற்றில் ரசத்துக்குப் பதில் தண்ணீரை ஊற்றிக்கொண்டாள். அதையும் ருசித்துச் சாப்பிட்டாள்.

ஒத்திகை சங்கக் கட்டிடத்தில் நடந்தது. பஜனைக் கோஷ்டியில் ஆர்மோனியம் வாசிக்கும் ராஜவேலு வந்திருந்தார். நல்ல மனுஷன். பெண்களுக்குக் கடலை மிட்டாய் வாங்கி வந்திருந்தார். ஆனால் அந்தக் கட்டிடம் அமைதியான கட்டிடம். அமைதியில் பாடினால் என்ன ஆகும் என்றுதான் நமக்குத் தெரியுமே.

ராஜவேலு பொறுமையாக மூன்று முறை கேட்டார்.

"மூணு பேரும் ஒரே சுருதியில பாடணும்மா" என்றார். "ஆளுக்கு ஒரு பக்கம் போனா அது பாட்டு இல்ல, சந்தை."

வள்ளியும் காஞ்சனாவும் எப்படியோ ஓர் இடத்தில் சேர்ந்துவிட்டார்கள். கன்னியம்மாளால் அந்த உயரத்துக்கு ஏற முடியவில்லை. ஏறினால் குரல் உடைந்தது.

"பரவால்ல கண்ணு" என்றார் ராஜவேலு. "நீயும் மேடையில நில்லு. வாயை மட்டும் அசை. யாருக்குத் தெரியப் போகுது?"

கன்னியம்மாள் சரி என்று தலையாட்டினாள். வாயை அசைத்தாள். கொடுத்த கடலை மிட்டாயைத் தின்னாமல் அப்படியே கையில் வைத்திருந்தாள்.

மறுநாள் அவள் தார் சுற்ற வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. அன்றைக்குப் பார்த்துக் கரண்ட் போயிற்று. காஞ்சனாவும் வள்ளியும் பாடிய பாட்டின் வால் தெருவுக்குக் கேட்டது.

பச்சையப்பன் எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா, இன்னிக்குப் பாட்டு இளைச்சுப் போச்சு? ஒடம்பு சரியில்லியா?"

காஞ்சனாவுக்குச் சுருக்கென்றது. அவர் சொன்னது சரிதான். பாட்டுக்குக் கீழே தரையே இல்லாத மாதிரி இருந்தது.

அவள் நேராகக் கன்னியம்மாள் வீட்டுக்குப் போனாள். கன்னியம்மாள் குழாயடியில் தவலையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தவலை பளபளத்தது. அப்படியும் விடாமல் தேய்த்தாள்.

"ஏன்டி வரல?"

"நீங்க ரெண்டு பேரும் பாடுங்க. நான் பந்தல்ல மோர் ஊத்தறேன்."

"மோரா?"

"ஆங். வாயசைச்சுகினு நிக்கிறதுக்கு மோராவது ஊத்தலாம். நாலு பேரு குடிப்பாங்க."

கன்னியம்மாள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கண்தான் சொன்னபடி கேட்கவில்லை. மேடையில் மூன்று பேர் என்று காஞ்சனா நினைத்து வைத்திருந்ததில் ஓர் ஆள் அழிந்துவிட்டது.

"நீ இல்லாம நான் ஏறமாட்டேன்" என்றாள்.

"அமைதியா இருக்கற எடத்துல என்னால பாட முடியலியே. உங்க குரல் கேட்டதும் என்னது ஓடிப்போகுது."

"எனக்கும் அப்டிதான்டி" என்றாள் காஞ்சனா. அதைச் சொன்ன பிறகுதான் அது அவளுக்கே புரிந்தது. கேட்டால் ஓடிப்போகிறது. கேட்காமல் இருந்தால் ஓடாது. ஆனால் தறியை மேடைக்குத் தூக்கிக்கொண்டு போக முடியுமா?

அதே யோசனையோடு விடியும்வரை புரண்டாள். காலையில் அம்மா, "நைனாவைக் காப்பி குடிக்கக் கூப்பிடு" என்றாள்.

காஞ்சனா கொட்டகைக்குப் போனாள். இன்னும் தறி ஓட ஆரம்பிக்கவில்லை. நைனா எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

"நைனா, காப்பி."

அவர் திரும்பவில்லை.

"நைனா."

ஊகூம். அவள் போய்த் தோளைத் தொட்டாள். நைனா திரும்பினார். இரண்டு காதிலும் நீல நிறத்தில் கழிவு நூல் சுருண்டு அடைத்திருந்தது. தறி ஓட்டுகிறவர்கள் காலையில் அடைத்துக்கொள்வது வழக்கம்தான். தினமும் பார்ப்பதுதான். அன்றைக்கு மட்டும் காஞ்சனா அந்தக் காதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னாம்மா என் காதுல?" என்று கத்தினார் நைனா.

"வழி இருக்குது நைனா" என்று சொல்லிவிட்டு ஒரு கைப்பிடி கழிவு நூலை அள்ளிக்கொண்டு ஓடினாள். நைனாவுக்கு அதுவும் கேட்கவில்லை. காப்பி ஆறிப்போயிற்று.

அமாவாசை அன்று தறிகளுக்கு விடுமுறை. மூன்று பேரும் மலைப்படிகளில் ஏறி ஓர் ஓரமாக உட்கார்ந்தார்கள். கீழே ஊர் சின்னதாகத் தெரிந்தது. ரயில் ஒன்று சத்தமே போடாமல் மெட்ராஸ் பக்கம் போனது. சத்தம் போட்டிருக்கும். காதில்தான் நூல் இருந்ததே.

முதலில் மூவரும் மோட்டார்போல 'உம்ம்' என்று முனகினார்கள். பிறகு அவரவர் இடத்தை அவரவர் பிடித்தார்கள். காஞ்சனா படியில் காலால் தறித் தாளம் போட்டாள். அடைத்த காதுக்குள் தன் குரல் மட்டும் கேட்டது. மற்றவர்களின் வாய் அசைவது தெரிந்தது. எப்படி இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. படியேறி வந்த ஒரு மொட்டைத் தலைக் குடும்பம் அப்படியே உட்கார்ந்துவிட்டது. கடைசி மொட்டைக் குழந்தை வாயைத் திறந்தபடி பார்த்தது. அதை வைத்து நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்தார்கள்.

ஆடிக் கிருத்திகை வந்தது. ஊரே மஞ்சள் வேட்டியும் பூக்காவடியுமாக மலையைப் பார்த்து நடந்தது. 'அரோகரா' சத்தம் அலை அலையாக வந்து போயிற்று. மலை உச்சியில் மேகம் ஒன்று உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது.

மேடைக்குக் கீழே ராஜவேலு ஆர்மோனியத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். காஞ்சனா அவர் முன்னால் போய் நின்றாள்.

"அண்ணா, கன்னியம்மாவும் பாடப் போறா. வாயசைக்கப் போறதில்ல."

ராஜவேலுவின் முகம் மாறியது. "பாட்டு கெட்டுப்போயிடும்மா. ஜனம் சிரிக்கும். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"சிரிச்சா மூணு பேரும் ஒண்ணா எறங்கிப் போயிடறோங்க. மூணு பேரும் பாட முடியாதுன்னா, நாங்க ஏறவே இல்லீங்க."

அதை மரியாதையாகத்தான் சொன்னாள். ஆனால் மேடையை ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். பலகை மேடை என்பது அவளுக்கு எத்தனை நாள் கனவு என்று நமக்குத் தெரியும். ராஜவேலு செயலாளரைப் பார்த்தார். செயலாளர் மைக்கில் அவர்கள் பேரை ஏற்கெனவே சொல்லிவிட்டிருந்தார்.

"முருகா, நீயே பாத்துக்கோ" என்று ராஜவேலு ஆர்மோனியத்தின் முன் உட்கார்ந்தார்.

மூன்று பேரும் மேடை ஏறினார்கள். ஏறி நின்றதும் பாவாடை முடிப்பிலிருந்து நீல நூலை எடுத்துக் காதில் அடைத்துக்கொண்டார்கள். கூட்டத்தில் சிரிப்பு வந்தது.

"இன்னாத்துக்கு இது? அவுங்க பாட்டை அவுங்களாலயே தாங்க முடியலியா?" என்று ஒருவர் கேட்டார். நல்லவேளை, அது மூன்று பேருக்கும் கேட்கவில்லை.

'உம்ம்.' காஞ்சனா வெறும் காலால் பலகையை மிதித்தாள். டக்கு டக்கு டகடக. பலகை அதிர்ந்தது. அதிர்வு மற்ற இருவர் பாதத்துக்கும் போய்ச் சேர்ந்தது.

*மலையேறும் மேகமே, மெள்ளமாப் போ...*

சத்தமாகத்தான் பாடினார்கள். தறிக்காரத் தெருப் பெண்களுக்கு மெதுவாகப் பாடத் தெரியாது. மைக் செட்காரர் ஓடிவந்து மைக்கை இரண்டடி தள்ளி வைத்தார். காஞ்சனாவுக்குக் கூட்டத்தின் முகங்கள் தெரிந்தன. சிரித்த வாய்கள் மூடிக்கொண்டன. மோர் ஊற்றிக்கொண்டிருந்தவர் டம்ளர் நிரம்பி வழிவதைக் கவனிக்கவில்லை. காவடியோடு போன ஒருவர் காவடியை இறக்காமல் அப்படியே நின்றார்.

ராஜவேலுவின் விரல்கள் ஒரு நிமிடம் நின்றன. பிறகு மெதுவாக ஒரு கட்டையை அழுத்தின. இன்னொன்றையும் சேர்த்து அழுத்தின. கடைசியில் கீழே தள்ளி இருந்த மூன்றாவதையும் அழுத்தினார். இருபது வருடமாக அவர் அப்படி வாசித்ததே இல்லை.

மூன்றாவது வரியில் காஞ்சனாவுக்கு ஆசை பொறுக்கவில்லை. தறி நின்ற பிறகும் சக்கரம் சுற்றுமே என்று நினைத்தாள். ஒரு காதிலிருந்து நூலை உருவினாள்.

அன்று கரண்ட் போனபோது கேட்டது திரும்பவும் கேட்டது. மேலே ஒரு குரல். கீழே ஒரு குரல். நடுவில் தன் குரல் ஓடாமல் அங்கேயே நின்றது. மலை, மேகம், பந்தல் எல்லாம் அந்தக் கீழ்க் குரலின்மேல் உட்கார்ந்திருப்பதுபோல அவளுக்குத் தோன்றியது. இதைக் கன்னியம்மாள் இதுவரை சரியாகக் கேட்டதே இல்லையே என்று நினைத்தாள்.

காலில் தாளத்தை விடாமல் கையை நீட்டி, கன்னியம்மாளின் காதிலிருந்த நூலைப் பிடித்து இழுத்துவிட்டாள்.

கன்னியம்மாள் திடுக்கிட்டாள். குரல் ஒரு நொடி ஆடியது. பிறகு அவள் கேட்டாள். தன் குரலைக் கேட்டாள். கண் பெரிதாக விரிந்தது. கடைசி வரியை அவள் பாடியபோது பலகை தானாகவே அதிர்ந்ததாகப் பச்சையப்பன் பிறகு ஊரெல்லாம் சொன்னார்.

*காஞ்சதும் கூப்பிடுறோம், அப்புறம் வா...*

பாட்டு முடிந்தது. கைதட்டல் எழுந்தது. வள்ளிநாயகி மட்டும் இன்னும் காதில் நூலோடு, "ஒருத்தருக்கும் பிடிக்கலியா?" என்று மைக்கிலேயே கத்தினாள். பந்தல் முழுக்கச் சிரித்தது.

கோதண்டபாணி மேடைக்கு வந்தார். "உங்க குழுவுக்குப் பேரு இன்னாம்மா?"

அதை யாரும் யோசிக்கவே இல்லை.

"கரண்ட் கட்டுன்னு சொல்லுங்க" என்றது கூட்டத்திலிருந்து பச்சையப்பனின் குரல். "அப்பாடா, இன்னிக்குத்தான் பாட்டோட தலையைப் பாத்தேன்."

மேகம் மலையிலிருந்து மெல்ல இறங்கி வந்து தூறல் போட்டது. அன்று யார் வாசலிலும் நூல் காயவில்லை. யாரும் ஓடவும் இல்லை. இன்னொரு முறை பாடச் சொன்னார்கள்.

அந்த வருடமே ஆர்.கே.பேட்டையில் கூப்பிட்டார்கள். கே.ஜி.கண்டிகையில் கூப்பிட்டார்கள். டவுன் பஸ்ஸில் போய்ப் பாடிவிட்டு வந்தார்கள். நோட்டீசில் 'கரண்ட் கட் சகோதரிகள்' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. கூட வந்து ஆர்மோனியம் வாசித்த ராஜவேலு மூன்று கட்டைகளை ஒன்றாக அழுத்துவதை விடவே இல்லை.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால், கிருத்திகை கழிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று ஒன்று நடந்தது. சார் வருகைப் பதிவேட்டைத் திறந்து பேர்களைப் படித்துக்கொண்டே வந்தார்.

"கன்னியம்மாள்."

காஞ்சனா திரும்பிப் பார்த்தாள். கன்னியம்மாள் கையைத் தூக்கவில்லை. எழுந்து நின்றாள்.

"உள்ளேன் ஐயா."

கிணற்றுக்கு அடியிலிருந்து வந்த குரல் வகுப்பறை முழுக்க நிறைந்தது. சார் பழக்கதோஷத்தில் அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"பின்னால யாரும் இல்லீங்க சார்" என்றாள் கன்னியம்மாள். "நான்தான்."